சட்டத்தில் இருக்கும் உரிமை, கையில் இல்லாத விதை

அறிவுசார் சொத்துரிமைக்கும் வளரும் நாடுகளின் உழவுக்கும் இடையிலான விவாதம் முப்பது ஆண்டுகளாக இரண்டு குரல்களில் நடந்துவருகிறது. புதிய பயிர் ரகம் ஒன்றை உருவாக்கப் பல ஆண்டு உழைப்பும் பெரும்பணமும் வேண்டும், பாதுகாப்பு இல்லாவிட்டால் யாரும் அதில் முதல் போடமாட்டார்கள் என்கிறது ஒரு தரப்பு. தலைமுறை தலைமுறையாக உழவர்கள் பொறுக்கியெடுத்துக் காத்த விதையின் மேல், கடைசியாகக் கைவைத்தவர் மட்டும் சொந்தம் கொண்டாடுவது கொள்ளை என்கிறது மறுதரப்பு. இரண்டிலும் உண்மை உண்டு. ஆனால் இரு தரப்பும் சட்டப் புத்தகத்தை முன்னால் வைத்துக்கொண்டுதான் பேசுகின்றன. உழவர் கைக்கு எந்த விதை வருகிறது என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் வேறு சில செய்திகள் தென்படுகின்றன.

ஷான் மக்குவையர், லூயிஸ் ஸ்பெர்லிங் என்ற இரு ஆய்வாளர்கள் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல தொடக்கம். ஐந்து ஆப்பிரிக்க நாடுகளிலும் ஹெய்ட்டியிலும் திரட்டிய 9,660 பதிவுகளை அவர்கள் அலசினர். சிறு உழவர்களின் விதையில் சுமார் 90 விழுக்காடு சொந்தக் குதிர், அண்டை அயலார், உள்ளூர்ச் சந்தை ஆகிய முறைசாரா வழிகளில் வந்தது. மொத்தத்தில் பாதிக்குமேல் உள்ளூர்ச் சந்தையில் வாங்கியது. அங்கே விதை உற்பத்தியாளராகவும் விதை வணிகராகவும் விதைப்பவராகவும் ஒரே ஆள் இருப்பதுண்டு. ரகத்தை உருவாக்குபவர் ஒருவர், பயன்படுத்துபவர் வேறொருவர் என்று பிரித்துப் பார்க்கும் சட்டம் அந்த மண்ணில் எப்படிப் பொருந்தும் என்பதே இந்தக் கட்டுரை ஆராயும் கேள்வி.

சட்டம் பிறந்த இடம்

பயிருக்குச் சொத்துரிமை என்பது செல்வ நாடுகளில், அவற்றின் தேவைக்காகப் பிறந்தது. அமெரிக்காவின் 1930-ஆம் ஆண்டுச் சட்டம் பதியன், ஒட்டு முறைகளில் பெருகும் செடிகளுக்குக் காப்புரிமை தந்தது; பழ மரங்களும் ரோஜாவும் அதன் முதல் பயனாளிகள். உருளைக்கிழங்கு போன்ற கிழங்குப் பயிர்களை அது விலக்கியே வைத்திருந்தது. 1961-இல் பாரிஸில் ஐரோப்பிய நாடுகள் சில கூடி, யுபோவ் எனப்படும் புதிய பயிர் ரகப் பாதுகாப்பு ஒப்பந்தத்தை உண்டாக்கின. ரகம் புதியதாகவும், பிறவற்றிலிருந்து வேறுபட்டதாகவும், ஒரே சீராகவும், தலைமுறை மாறினாலும் குணம் மாறாததாகவும் இருந்தால் அதை உருவாக்கியவருக்கு உரிமை உண்டு என்பது அதன் அடிப்படை.

இந்த அளவுகோல்களில் சீர்மை என்பதைக் கவனிக்க வேண்டும். மழை பொய்த்தாலும் ஒரு பங்காவது தேறட்டும் என்று கலப்பாக விதைக்கும் உழவர், வேண்டுமென்றே சீரற்ற விதையைக் காக்கிறார். அவர் காத்த ரகம் இந்தத் தேர்வில் தேறாது. அதிலிருந்து ஒரு தூய வரிசையைப் பிரித்தெடுக்கும் ஆய்வுக்கூடம் தேறிவிடும்.

1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், இந்தியாவில் பிறந்த அறிவியலாளர் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி உருவாக்கிய, எண்ணெயைச் சிதைக்கும் நுண்ணுயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று தீர்ப்பளித்தது. உயிருள்ளது என்பது காப்புரிமைக்குத் தடையில்லை என்றானது. அதன்பின் மரபணு, விதை, முழுச் செடி என்று உரிமை விரிந்தது. ரகப் பாதுகாப்பைவிடக் காப்புரிமை கடுமையானது. யுபோவ் முறையில் ஒருவர் ரகத்தைப் பெற்றோராக வைத்து இன்னொருவர் புது ரகம் உருவாக்கலாம். காப்புரிமையில் பல நாடுகளில் அதற்கும் அனுமதி வேண்டும்.

டிரிப்ஸ் விட்டுவைத்த இடம்

1995 ஜனவரி 1-இல் உலக வர்த்தக அமைப்போடு நடைமுறைக்கு வந்த, டிரிப்ஸ் எனப்படும் அறிவுசார் சொத்துரிமை உடன்படிக்கைதான் இந்தச் சட்டங்களை ஏழை நாடுகளுக்குக் கொண்டுவந்தது. ஆனால் அதன் 27.3(பி) பிரிவு பலரும் நினைக்கும் அளவுக்கு இறுக்கமானதன்று. செடிகளுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமை தர மறுக்கும் உரிமை நாடுகளுக்கு உண்டு. பயிர் ரகங்களுக்கு மட்டும் காப்புரிமையோ, தனக்கேற்ற தனிச் சட்டமோ, இரண்டும் கலந்த ஒன்றோ இருக்க வேண்டும். யுபோவ் என்ற பெயரே அந்தப் பிரிவில் இல்லை. மிகவும் பின்தங்கிய நாடுகளுக்கு 2034 ஜூலை வரை இந்தக் கடமையும் இல்லை.

இந்த இடைவெளியைச் சுருக்கியவை பின்னால் வந்த இருதரப்பு, வட்டார வர்த்தக ஒப்பந்தங்கள். சந்தைக்குள் வர வேண்டுமானால் யுபோவின் 1991 வடிவத்தில் சேர் என்பது அவற்றின் வழக்கமான நிபந்தனை. 1978 வடிவம் உழவர் விதை சேமிப்பதைத் தொடவில்லை. 1991 வடிவத்திலோ அது நாடுகள் விரும்பினால், வரம்புக்குள், உரிமையாளர் நலன் கெடாமல் அனுமதிக்கக்கூடிய விலக்கு. பாதுகாத்த விதையை அயலாருக்குக் கொடுப்பதற்கோ விற்பதற்கோ அதில் இடமில்லை. உரிமைக் காலமும் 15 ஆண்டிலிருந்து 20 ஆண்டாக, மரங்களுக்கும் கொடிகளுக்கும் 25 ஆண்டாக நீண்டது. பெரும்பாலும் பிரெஞ்சு மொழி பேசும் ஆப்பிரிக்க நாடுகளின் அறிவுசார் சொத்துக் கூட்டமைப்பான ஓ.ஏ.பி.ஐ. 2014-இல் இதில் சேர்ந்தது. அதன் உறுப்பினர் பலர் டிரிப்ஸ் கடமையே இல்லாத பின்தங்கிய நாடுகள்.

லத்தீன் அமெரிக்காவில் எதிர்ப்பு தெருவுக்கு வந்தது. கொலம்பியாவில் 2010-ஆம் ஆண்டின் 970-ஆம் எண் ஆணை, சேமித்த விதையின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது. 2013-இல் நாடு தழுவிய உழவர் போராட்டத்தில் அதுவும் ஒரு பொறியானது. யுபோவ் 1991-ஐ ஏற்ற சட்டத்தை அந்நாட்டு அரசமைப்பு நீதிமன்றம், பழங்குடி மக்களைக் கலந்துகொள்ளவில்லை என்பதற்காக 2012-இல் நீக்கியது. குவாத்தமாலா 2014 ஜூனில் நிறைவேற்றிய ரகப் பாதுகாப்புச் சட்டத்தை, மக்கள் எதிர்ப்பால் செப்டம்பரிலேயே திரும்பப் பெற்றது.

சொத்துரிமைச் சட்டத்துக்குத் துணையாக விதை வணிகச் சட்டங்களும் வருகின்றன. கென்யாவில் சான்றில்லாத விதையை விற்பது சிறைத் தண்டனைக்குரிய குற்றமாக இருந்தது. உழவர்கள் தொடுத்த வழக்கில், உள்ளூர் விதைப் பகிர்வைத் தடுத்த பிரிவுகளை 2025 நவம்பரில் உயர் நீதிமன்றம் அரசமைப்புக்கு முரணானவை என்றது. யாருடைய சொத்துரிமையும் மீறப்படாமலே ஓர் உழவர் குற்றவாளியாக முடியும் என்பதை இந்த வழக்கு காட்டியது.

பறித்த காப்புரிமைகளும் மீட்ட காப்புரிமைகளும்

இந்த விவாதத்தில் பொதுமக்கள் அறிந்த பகுதி உயிர்வளக் கொள்ளைதான். காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழக மருத்துவ மையம் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையை, இந்தியாவின் அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் எதிர்த்து 1997-இல் நீக்க வைத்தது. வேப்பெண்ணெயைப் பூஞ்சைக்கொல்லியாக்கும் முறைக்கு டபிள்யூ.ஆர். கிரேஸ் நிறுவனமும் அமெரிக்க வேளாண் துறையும் 1994-இல் பெற்ற ஐரோப்பியக் காப்புரிமை 2000-இல் ரத்தானது. மேல்முறையீடு 2005-இல்தான் முடிந்தது.

இந்த இரண்டும் புகழ்பெற்றவை என்றாலும், நம் வயலில் மஞ்சள் நடுவதையோ வேப்பம் புண்ணாக்கு இடுவதையோ அவை தடுத்திருக்க முடியாது. காப்புரிமை எந்த நாட்டில் பெறப்பட்டதோ அந்த எல்லைக்குள்தான் செல்லும். பாதிப்பு நேரடியாக விழுவது ஏற்றுமதியில். மெக்சிகோவின் மஞ்சள் அவரை அதற்குச் சான்று. 1990-களின் நடுவில் மெக்சிகோவில் வாங்கிய அவரையிலிருந்து பொறுக்கியெடுத்த ஒரு வரிசைக்கு, ‘எனோலா’ என்ற பெயரில் கொலராடோவைச் சேர்ந்த விதை நிறுவன உரிமையாளர் ஒருவர் 1999-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். இறக்குமதியாகும் மஞ்சள் அவரைக்குப் பவுண்டுக்கு 6 சென்ட் கேட்டு வழக்குகள் தொடுத்தார். மெக்சிகோ உழவர்கள் தாங்கள் விளைவித்ததையே விற்க முடியாமல் நின்றார்கள். கொலம்பியாவிலுள்ள பன்னாட்டு வெப்பமண்டல வேளாண் மையமான சியாட், தன் விதை வங்கியில் அதே அவரை இருப்பதைக் காட்டி 2000-இல் எதிர்த்தது. இறுதித் தீர்ப்பு 2009-இல் வந்தது. தவறாகத் தந்த ஓர் உரிமை, பாதி ஆயுள் முடியும்வரை வேலை செய்துவிட்டது.

எத்தியோப்பியாவின் டெஃப் தானியத்தின் கதை வேறுவிதமானது. அங்கே விதை கேட்டுத்தான் பெறப்பட்டது. 2005-இல் ஒரு டச்சு நிறுவனம் லாபத்தைப் பகிர்வதாக எத்தியோப்பிய அரசோடு ஒப்பந்தம் செய்தது. டெஃப் மாவுக்கு ஐரோப்பியக் காப்புரிமையும் வாங்கியது. 2009-இல் அந்த நிறுவனம் திவாலாகி, காப்புரிமை வேறு கைக்கு மாறியது. ஒப்பந்தம் பயனற்றுப்போனது, காப்புரிமை மட்டும் மிஞ்சியது. நெதர்லாந்தில் 2018-இல் ஒரு நீதிமன்றம் அது செல்லாது என்று சொல்லும்வரை எத்தியோப்பியாவால் எதுவும் செய்ய முடியவில்லை.

அதே எத்தியோப்பியா சொத்துரிமையைத் தன் பக்கம் திருப்பியதும் உண்டு. சிடாமோ, ஹரர், யிர்காசெஃபே என்னும் காப்பிப் பெயர்களை வணிகக் குறிகளாகப் பதிய 2005-இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. ஸ்டார்பக்ஸ் நிறுவனத்தோடு எழுந்த பூசல் 2007-இல் உடன்பாட்டில் முடிந்தது. தமிழ்நாட்டின் சிறுமலை வாழை, கொடைக்கானல் மலைப்பூண்டு, ஈரோடு மஞ்சள் ஆகியவற்றுக்குக் கிடைத்த புவிசார் குறியீடும் இந்த வகைதான். பெயரைக் காக்கும் உரிமை விதையை அடைத்துவைக்காது. அதனால் இது உழவருக்கு ஆபத்தில்லாத சொத்துரிமை. ஆனால் பெயருக்குக் கூடுதல் விலை தரும் சந்தையும் தரத்தைக் காக்கும் அமைப்பும் இல்லாவிட்டால் சான்றிதழ் சுவரில்தான் தொங்கும்.

இந்தியா எழுதிய தனிச் சட்டம்

டிரிப்ஸ் விட்டுவைத்த இடத்தை நன்றாகப் பயன்படுத்திய நாடுகளில் இந்தியா முன்னால் நிற்கிறது. காப்புரிமைச் சட்டத்தின் 3(ஜே) பிரிவு, விதை உள்ளிட்ட செடிகளுக்கும் அவற்றின் பகுதிகளுக்கும் காப்புரிமை இல்லை என்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், ரகத்தை உருவாக்கிய நிறுவனத்துக்கும் உழவருக்கும் ஒரே ஏட்டில் உரிமை எழுதியது. எம்.எஸ். சுவாமிநாதன் போன்றோர் உழவர் உரிமைக்காக வாதாடியதன் பலன் அது. அதன் 39-ஆம் பிரிவின்படி, பாதுகாத்த ரகத்தின் விதையைக்கூட உழவர் சேமிக்கலாம், விதைக்கலாம், மாற்றிக்கொள்ளலாம், விற்கலாம். நிறுவனத்தின் முத்திரையிட்டு மட்டும் விற்கக்கூடாது. உழவர் தம் ரகங்களையும் கட்டணமின்றிப் பதியலாம். சொன்னபடி விளையாத ரகத்துக்கு இழப்பீடு கேட்கலாம். முளைப்புத் திறனை அழிக்கும் தொழில்நுட்பம் உள்ள விதைக்குப் பதிவே கிடையாது.

இந்தச் சட்டத்துக்குச் சோதனை 2019 ஏப்ரலில் வந்தது. தான் பதிந்த எஃப்.எல். 2027 என்னும் வறுவல் உருளைக்கிழங்கை அனுமதியின்றிப் பயிரிட்டதாக, குஜராத்தின் சபர்காண்டா மாவட்ட உழவர்கள் நால்வரிடம் ஆளுக்கு ஒரு கோடி ரூபாய்க்கு மேல் கேட்டு பெப்சிகோ இந்தியா நிறுவனம் வழக்குத் தொடுத்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழவே மே மாதத்தில் வழக்கைத் திரும்பப் பெற்றது. உழவர் உரிமைச் செயற்பாட்டாளர் கவிதா குருகந்தியின் மனுமேல் 2021 டிசம்பரில் அந்த ரகத்தின் பதிவே ரத்தானது. 2023-இல் டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ரத்தை உறுதிசெய்தார். 2024 ஜனவரியில் இரு நீதிபதி அமர்வு அதை மாற்றி நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பதிவு செல்லுமா என்பதுதான் அங்கே வழக்கு. 39-ஆம் பிரிவு உழவருக்குத் தரும் உரிமை அப்படியே நிற்கிறது. இருந்தும், ஒரு கோடி ரூபாய் நோட்டீஸ் வாசலுக்கு வரும்போது சட்டம் தம் பக்கம் என்பதை எத்தனை உழவர் அறிவார்?

பருத்தி சொல்லும் பாடம்

இவ்வளவு வலுவான சட்டம் இருந்தும் இந்தியப் பருத்தி உழவர் ஆண்டுதோறும் விதைக் கடைக்குப் போகிறார். இதைப் புரிந்துகொள்ள, விதைக்குப் போடும் பூட்டு மூன்று வகை என்பதை மனத்தில் வைக்க வேண்டும். ஒன்று சட்டம், இரண்டாவது ஒப்பந்தம், மூன்றாவது உயிரியல். வீரிய ஒட்டு ரகத்தின் விளைச்சலிலிருந்து எடுத்த விதையை மறுமுறை விதைத்தால் குணங்கள் பிரிந்து, விளைச்சல் சரியும். அதற்கு எந்த நீதிமன்றமும் தேவையில்லை.

காய்ப்புழுவை எதிர்க்க மரபணு மாற்றிய பி.டி. பருத்தி 2002-இல் இந்தியாவுக்கு வந்தபோது, முதல் தலைமுறை மரபணுவான போல்கார்டு-1க்கு இங்கே காப்புரிமையே இல்லை. ஆனாலும் பணம் வசூலானது. அமெரிக்காவின் மான்சான்டோ நிறுவனத்துடைய இந்தியக் கூட்டு நிறுவனம் உள்ளூர் விதை நிறுவனங்களோடு ஒப்பந்தம் போட்டு மரபணுவுக்குத் தொகை வாங்கியது. அந்த நிறுவனங்கள் அதை வீரிய ஒட்டு ரகங்களில் மட்டும் ஏற்றி விற்றன. 450 கிராம் பொட்டலம் 1,600 ரூபாய்க்கு மேல் விற்றது. ஆந்திர அரசு 2006-இல் தலையிட்டபின் விலை 750 ரூபாயாகக் குறைந்தது. அமெரிக்காவிலும் சீனாவிலும் பி.டி. பருத்தி பெரும்பாலும் மறுவிதைப்புக்கு ஏற்ற நேர் ரகங்களில்தான் பரவியது. இந்தியாவில் அது வீரிய ஒட்டில் வந்து, சில ஆண்டுகளில் பருத்திப் பரப்பின் 90 விழுக்காட்டைத் தாண்டியது.

இதற்கு மாற்றாக, நாக்பூரின் மத்திய பருத்தி ஆராய்ச்சி நிலையமும் தார்வாட் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து ‘பிகானேரி நர்மா பி.டி.’ என்ற பொதுத்துறை நேர் ரகத்தை 2009-இல் உழவருக்குத் தந்தன. அதில் மான்சான்டோவின் மரபணு கலந்திருப்பது தெரியவந்து, அது நிறுத்தப்பட்டது. உழவர் சேமித்து விதைத்திருக்கக்கூடிய பி.டி. வாய்ப்பு அப்போதைக்கு அத்தோடு போயிற்று. அடுத்த தலைமுறையான போல்கார்டு-2க்குக் காப்புரிமை இருந்தது. அது 3(ஜே) பிரிவுக்கு முரண் என்று 2018-இல் டெல்லி உயர் நீதிமன்றமும், விசாரணை முழுமையாக நடக்கட்டும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றமும் கூறின. 2021-இல் மான்சான்டோவும் அதை எதிர்த்து வழக்காடிய உள்ளூர் விதை நிறுவனமும் சமரசமாயின. இத்தனை வழக்குக்கிடையே உழவர் செலவைக் குறைத்தது 2015-இன் விலைக் கட்டுப்பாட்டு ஆணை. சேமிக்கும் உரிமையைத் தரும் சட்டத்தால் சேமிக்கத்தக்க விதையைத் தர முடியவில்லை.

எதிர்வாதமும் அதன் எடையும்

பாதுகாப்பு வேண்டும் என்பவர்கள் அர்ஜென்டினாவைக் காட்டுவார்கள். களைக்கொல்லி தாங்கும் சோயாவுக்கு மான்சான்டோ அங்கே காப்புரிமை பெறவில்லை. சோயா தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர் என்பதால் உழவர்கள் விதையைச் சேமித்தனர், வெள்ளைச் சாக்கில் கட்டி விற்றனர். நிறுவனம் ஐரோப்பாவுக்குப் போகும் சோயாப் புண்ணாக்கை மறிக்கப் பார்த்தது. மரபணு வேலை செய்யாத செத்த மாவுக்குக் காப்புரிமை செல்லாது என்று 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. பக்கத்து நாடான பிரேசிலில் நிலைமை நேர்மாறு. சேமித்த விதைக்கும் உரிமத் தொகை உண்டு என்று உயர்மட்ட நீதிமன்றம் 2019-இல் மான்சான்டோவுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

ஆதாயம் கிடைக்காத இடத்தில் தனியார் முதல் போடமாட்டார்கள் என்பது சரிதான். அதனால்தான் அவர்கள் மக்காச்சோளம், பருத்தி, காய்கறி என்று வீரிய ஒட்டுக்கு வசதியான பயிர்களை நாடுகிறார்கள். சட்டத்தைக் கடுமையாக்கினால் வரகுக்கும் சாமைக்கும் கொள்ளுக்கும் ஆய்வு வந்துவிடுமா? கென்யாவில் ரகப் பாதுகாப்பு வந்தபின் விண்ணப்பங்களில் முன்னால் நின்றவை ஏற்றுமதிக்கான ரோஜாவும் பிற பூக்களும். அது கென்யாவுக்கு அந்நியச் செலாவணி தந்தது உண்மை. மானாவாரி உழவரின் பயறுக்கு அதனால் பயன் வந்ததாகச் சொல்ல முடியாது. வளரும் நாடுகள் செடிகளுக்கும் விலங்குகளுக்கும் காப்புரிமை தர வேண்டியதில்லை என்று பிரிட்டிஷ் அரசு அமைத்த அறிவுசார் சொத்துரிமை ஆணையமே 2002-இல் பரிந்துரைத்தது இங்கே நினைக்கத்தக்கது.

நெல் வந்த வழி

பருத்தியை வாங்கி விதைக்கும் அதே உழவர், நெல்லில் சேமித்து விதைக்கிறார். சட்டம் ஒன்றேதான். ஆடுதுறை, கோவை, பாபட்லா ஆராய்ச்சி நிலையங்களின் நேர் ரகங்கள் நெல்லில் கிடைப்பதே வேறுபாடு. ஆந்திராவின் பாபட்லாவில் உருவாகி 1986-இல் வெளிவந்த பி.பி.டி. 5204-ஐ எடுத்துக்கொள்வோம். கோவையில் பிரிட்டிஷ் காலத்தில் தேர்ந்தெடுத்த ஜி.இ.பி. 24, தைவானின் டி.என். 1, மலேசியாவின் மசூரி மூன்றும் அதன் முன்னோர். நம் பொன்னிக்கும் அதே மசூரிதான் வழி. எந்த எல்லையிலும் எவரும் உரிமத் தொகை கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த மூன்றும் ஒரு வயலில் சந்தித்திருக்குமா என்பது ஐயமே.

அந்தப் போக்குவரத்து இன்று எளிதன்று. கோல்டன் ரைஸ் எனப்படும், மரபணு மாற்றிய பொன்னிற அரிசியை உருவாக்கியபோது, அதில் பயன்பட்ட உத்திகளையும் பொருள்களையும் சுற்றிச் சுமார் 70 காப்புரிமைகள் இருப்பதாக 2000-இல் ஓர் ஆய்வு கண்டது. ஆண்டுக்கு 10,000 டாலருக்குள் சம்பாதிக்கும் உழவருக்குக் கட்டணமில்லை என்ற தனி உரிமம் பெற்றே அது நகர முடிந்தது. 2001-இல் உருவாகி 2004-இல் நடைமுறைக்கு வந்த பயிர் மரபுவளப் பன்னாட்டு உடன்படிக்கை, 64 பயிர், தீவன வகைகளைப் பொது வளமாக வைத்து, பயன் அடைந்தவர் நிதிக்குப் பங்கு தர வேண்டும் என்றது. விதை தாராளமாகப் போனது. நிதி எதிர்பார்த்தபடி வரவில்லை. மரபுவளம் எங்கிருந்து எடுத்தது என்பதைக் காப்புரிமை விண்ணப்பத்தில் சொல்ல வேண்டும் என்னும் உலக அறிவுசார் சொத்து அமைப்பின் உடன்படிக்கை 2024 மே மாதத்தில்தான் கையெழுத்தானது.

அடுத்த சிக்கல் மரபணுத் திருத்தம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் குழுமம் 2025 மே மாதம் இரண்டு திருத்திய நெல் ரகங்களை அறிவித்தது. அவற்றுள் ‘கமலா’ என்பது அதே பி.பி.டி. 5204-இலிருந்து வந்தது. விதை பொதுத்துறையுடையது, திருத்தப் பயன்பட்ட கிரிஸ்பர் உத்தியின் காப்புரிமைகள் வெளிநாட்டுக் கைகளில் இருக்கின்றன. 3(ஜே) பிரிவு விதையைக் காக்கும். விதை உருவாக்கும் கருவியை அது காக்காது. பொதுத்துறை ஆய்வே வெளிக் கருவிக்கு உரிமம் கேட்டு நிற்கும் காலம் வந்துவிட்டது.

செய்யத்தக்கவை

இவ்வளவையும் சேர்த்துப் பார்த்தால் வளரும் நாடுகளுக்கு மூன்று வேலைகள் தெரிகின்றன. முதலாவது, டிரிப்ஸ் விட்டுவைத்த இடத்தை வர்த்தக ஒப்பந்த மேசையில் விற்றுவிடாமல் வைத்திருப்பது. யுபோவ் 1991-ஐ ஏற்றுவிட்டு உழவர் உரிமை பேசுவதில் பொருளில்லை. இரண்டாவது, பூட்டு சட்டத்தில் இல்லாமல் ஒப்பந்தத்திலோ உயிரியலிலோ இருக்கும்போது, அதற்கேற்ற கருவியை எடுப்பது: போட்டிச் சட்டம், விலைக் கட்டுப்பாடு, பொதுத்துறைக் கண்டுபிடிப்பைத் தனியாருக்குத் தரும்போது நேர் ரகத்திலும் அதை வெளியிட வேண்டும் என்ற நிபந்தனை. மூன்றாவதே மற்ற இரண்டுக்கும் உயிர் தருவது: அரசின் பயிர் ஆராய்ச்சி நிலையங்களுக்குப் பணமும் ஆளும். தனியார் ஆய்வு வளரட்டும். பேயர், கோர்ட்டேவா, சிஞ்சென்டா, பி.ஏ.எஸ்.எஃப். ஆகிய நான்கு நிறுவனங்களிடம் உலக விதை வணிகத்தின் பாதி குவிந்திருக்கும் நேரத்தில், அதற்கு எதிரே நிறுத்த ஒரு பொது ரகம் இருந்தால்தான் விலையும் நிபந்தனையும் அடங்கும்.

உழவர் உரிமை ஒரு நாட்டில் எவ்வளவு என்பதை அறியச் சட்டப் பிரிவுகளை எண்ணிப் பயனில்லை. முக்கியமான ஒவ்வொரு பயிரிலும், விளைச்சலில் பின்தங்காத, மறுவிதைப்புக்கு ஏற்ற பொது ரகங்கள் எத்தனை கடையில் கிடைக்கின்றன என்று எண்ண வேண்டும். அந்தக் கணக்கில் இந்தியா நெல்லில் தேறுகிறது, பருத்தியில் தோற்கிறது.